மூன்று நிமிடத்துக்கு ஒரு புள்ளி

ரொட்டிப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"அல்லெக்ரா" என்றார், தொப்பியைக் கழற்றவில்லை.
பைக்குள் என் நடுவிரல் நீளத்தில்
ஒரு வெள்ளை உருளை.
மூன்று தரம் கழுவினேன் என்றார் ஜியான் தூமெங்.
இருந்தும் மேசையெங்கும்
புளித்த புல்லின் வாசம்.

மானுக்கு நான்கு அறை வயிறு.
இரண்டாம் அறைக்கும் நெஞ்சுக்கும் நடுவே
மெல்லிய சுவர்தான்,
வாடகை வீட்டுச் சுவர் மாதிரி.
அடுத்த வீட்டில் தட்டுவதெல்லாம் கேட்கும்.
தீவனத்துக்கு வந்த ஒரு பிப்ரவரியில் மயக்கி
தொண்டைவழியே இறக்கி
அங்கே குடிவைத்தோம் இந்த ஒற்றனை.
பத்தொன்பது மாதம்.
மூன்று நிமிடத்துக்கு ஒரு புள்ளி.

எண் நாற்பத்தேழு.
அறிக்கைகளில் அதற்கு வேறு பெயரில்லை.
எனக்குள் மட்டும் பிணை என்பேன்.
பெண்மானுக்கு எங்கள் பழைய சொல்.
ஜாமீனுக்கும் அதே சொல்தான் என்பதை
இங்கே யாருக்கும் விளக்கியதில்லை.

ஜனவரி இரவுகளில் நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.
செர்னெட்ஸ் முழுதும் கணப்பு எரிய
அது தன் அடுப்பைத் தணித்துக்கொண்டு
பனிமேல் கிடந்தது.
முதல் ஜூனில் ஒருநாள் நூற்றுப்பத்து,
நாலு மணி நேரம்: கன்று.
புத்தாண்டு வாணவெடிக்கு ஏறிய கோடு
விடியும்வரை இறங்கவில்லை.
அசைபோடும் வேளைகளை
ஒலியாக மாற்றிக் கேட்டிருக்கிறேன்,
யாப்பு பிசகாது:
தேமா, தேமா, தேமா.

மருண்ட விழி, மருண்ட விழி என்று பாடி
கண்ணோடு நின்றுவிட்டோம் நாங்கள்.
அத்தனை பாட்டில் ஒருவராவது
உள்ளே எவ்வளவு என்று கேட்டிருக்கலாம்.

ஜியான் உட்காரவில்லை.
பதினோரு மாதம் தபால்காரர்.
செப்டம்பரில் மட்டும் துப்பாக்கி.
உரிமச் சீட்டு, எடை, வயது, எல்லாம் முறைப்படி.
இந்த ஆண்டு கன்றில்லை, மடி வற்றியிருந்தது,
காதுப்பட்டை நிழலில் தெரியவில்லை,
காப்புவனத்தின் ஓடைக்கு இந்தப் பக்கம்தான்.
இதையெல்லாம் நான் கேட்கவில்லை.
அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்று.
அதற்குள் சன்னலை இரண்டு முறை பார்த்தார்.

"பயந்ததா?"

உருளையைப் படிகருவியில் வைத்தேன்.
வியாழன், பன்னிரண்டாம் தேதி.
ஆறு முப்பதுக்கு ஐம்பது.
ஆறு முப்பத்துமூன்றுக்கு நூற்றிருபத்தாறு.
அவர் கை மேசை விளிம்பைப் பற்றியது.
நான் நாலரையிலிருந்து அங்கே அசையாமல் கிடந்தேன்,
காற்றுகூட என் பக்கம்தான் வீசியது என்றார்.
பொறுங்கள் என்றேன்.
ஆறு ஐம்பத்துநான்குக்கு எழுபது.
ஏழு ஒன்பதுக்கு ஐம்பத்துமூன்று.
ஏழு பன்னிரண்டுக்கு ஐம்பத்திரண்டு.
ஏழு பதினைந்துக்கு
எதுவும் இல்லை.

"இல்லை" என்றேன்.
"உங்களை அதற்குத் தெரியவே தெரியாது."

ஒரு பெரிய மூச்சு விட்டார்.
அது நிம்மதியா என்று அளக்க
என்னிடம் கருவி இல்லை.
வாசலில் திரும்பி,
"அப்போ ஆறரைக்கு?" என்றார்.
"நரியாக இருக்கும்" என்றேன்.

அவர் போனபின்
களக்குறிப்பேட்டை எடுத்தேன்.
தெரியும், இருந்தும் எடுத்தேன்.
அந்த வியாழன் விடியலில்
ஓடைப்பக்கத்துப் பெட்டிக்கு மின்கலம் மாற்ற
ஏறிப்போனது நான்.
லார்ச் மரத்தடியில் அது நின்றது.
வாய் அசைவதை நிறுத்தியிருந்தது.
ஒரு காதுகூடத் திரும்பவில்லை.
நான் மகிழ்ந்தேன், என்னைப் பழகிவிட்டது என்று.
இறங்கி ரொட்டிக்கடை வாசலை அடைந்தபோது
தூரத்தில் ஒரு வெடி கேட்டது,
யாருடையதோ என்று காசை எண்ணினேன்.

பக்கத்தின் நடுவில், விரல் விறைத்த கோணலில்,
என் கையெழுத்து:

"6.33. எண் 47. முப்பது மீட்டர்.
அமைதியாக இருக்கிறது."